ரிசர்வுக்குத் திருப்பினால் போதாது, திரும்ப வைக்கவும் வேண்டும்

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "லைசன் எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. மாமா தன்னுடைய பழைய யமஹா ஆர்எக்ஸ்ஸெட் மோட்டாரை எனக்குக் கொடுத்துவிட்டார். தொட்டிக்குக் கீழே ஒரு டேப் இருக்கிறது. அதில் ஆன், ஆஃப், ரெஸ் என்று மூன்று இடம். ரிசர்வ் எப்போது போட வேண்டும்? போட்டால் எவ்வளவு தூரம் போகலாம்? ரிசர்விலேயே ஓட்டினால் எஞ்சினுக்குக் கெடுதல் என்கிறார்களே, உண்மையா அண்ணே?"

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ரிசர்வ் என்று தனியாக ஒரு தொட்டி கிடையாது. இருப்பது ஒரே தொட்டி, ஒரே பெட்ரோல். டேப்பைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் விஷயம் உடனே புரிந்துவிடும். தொட்டிக்குள் நிற்கும் பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய குழாய் நிமிர்ந்து நிற்கும். அதன் காலடியில், கிட்டத்தட்ட தொட்டியின் தரை மட்டத்தில், இன்னொரு சின்னத் துளை இருக்கும். டேப் 'ஆன்' நிலையில் இருந்தால் பெட்ரோல் அந்த உயரக் குழாயின் வாய் வழியாக மட்டும் இறங்கும். மட்டம் அந்த வாய்க்குக் கீழே போனதும் வரத்து நின்றுவிடும். அப்போது 'ரெஸ்' பக்கம் திருப்பினால் அடித்துளை திறக்கும், மிச்சமிருப்பது இறங்கும். அவ்வளவுதான் இதன் வேலை.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். ரிசர்வ் உனக்குக் கூடுதலாக எதையும் தரவில்லை. பழைய மோட்டார் பலவற்றில் பெட்ரோல் மீட்டர் இருக்காது, இருந்தாலும் அதன் முள்ளை நம்ப முடியாது. அங்கே எஞ்சின் இருமுவதுதான் உன் மீட்டர். அந்த எச்சரிக்கை வேலை செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றியதும் டேப் 'ஆன்'க்குத் திரும்பியிருக்க வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ரிசர்வ் போட்டு ஸ்டேஷன் வரை வந்துவிடுவார்கள், ஃபுல் டேங்க் அடிப்பார்கள், டேப்பை மறந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அடுத்த முறை இருமல் வரும்போது திருப்புவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. கையை விட்டுப் பார்த்தால் டேப் ஏற்கனவே 'ரெஸ்'ஸில் நிற்கும். லாசா ரோட்டிலோ லிந்தாங் பக்கமோ, இரண்டு பக்கமும் செம்பனை மட்டுமே இருக்கும் இடத்தில், இருட்டிய பிறகு இப்படி நடந்தால் மோட்டாரைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

அதனால் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள். தொட்டி மூடியைப் பூட்டிய கை, சாவியைப் போடுவதற்கு முன் டேப்பைத் தொட வேண்டும். ரிசர்வ் போட்டாயா இல்லையா என்று யோசிக்கவே வேண்டாம், ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார். வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டால் கட்டாயம் மறந்துவிடும்.

இப்போது எப்போது திருப்புவது என்பதற்கு வருகிறேன். பெட்ரோல் மட்டம் குழாய் வாய்க்குக் கீழே போனதும் எஞ்சின் பட்டென்று நின்றுவிடாது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது, அதில் உள்ளது தீரும் வரை ஓடும். முதலில் இழுவை குறையும். திராட்டலை முறுக்கினாலும் வேகம் ஏறாது, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் விட்டு விட்டு இருமும். மெதுவாகப் போய்க்கொண்டிருந்தால் உனக்கு நேரம் இருக்கும். வேகமாகப் போகும்போது கிண்ணம் சீக்கிரம் காலியாகிவிடும், சில விநாடிதான்.

இந்த நேரத்தில் திராட்டலை இன்னும் முறுக்காதே. உன்னுடையது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகும்போது எஞ்சினுக்குள் சூடு ஏறும். ஆர்எக்ஸ்ஸெட்டுக்கு, எஞ்சினுக்குள் வழுவழுப்புத் தரும் டூடி (2T) ஆயில் தனித் தொட்டியிலிருந்து பம்ப் வழியாக வருகிறது. ஆனால் பழைய வண்டிகளில் சில பேர் அந்தப் பம்பைக் கழற்றிவிட்டு ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றி ஓட்டுவார்கள். உன் மாமாவிடம் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள். அப்படிக் கலந்து ஓட்டும் வண்டியில் பெட்ரோல் நின்றால் ஆயிலும் சேர்ந்து நின்றுவிடும். அந்த நிலையில் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டே போனால் பிஸ்டன் இறுகிவிடலாம். ஆகவே இருமல் கேட்டதும் திராட்டலைக் குறைப்பதுதான் முதல் வேலை.

அனுபவசாலிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது கையைக் கீழே விட்டு டேப்பைத் திருப்பிவிடுவார்கள். கியரிலேயே வண்டி உருண்டுகொண்டிருக்கும், கிண்ணம் நிரம்பியதும் எஞ்சின் மறுபடி பிடித்துக்கொள்ளும். பார்க்கச் சுலபமாகத் தெரியும். புது லைசன்காரருக்கான 'பி' ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் வரை நீ அப்படிச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒரு கை கீழே, கண்ணும் கீழே, வண்டி வேகம் இழந்துகொண்டிருக்கிறது, பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் போகும் பழைய ரோட்டில் இது விளையாட்டில்லை. கண்ணாடியைப் பார், இடது சிக்னல் போடு, மிச்சமிருக்கும் வேகத்திலேயே ரோட்டோரத்துக்கு வந்து முழுக்க இறங்கி நில். அப்புறம் டேப்பைத் திருப்பி, கிண்ணம் நிரம்ப ஒரு பத்துப் பதினைந்து விநாடி பொறுத்து, கிக்கர் அடி. எஞ்சின் சூடாக இருப்பதால் சோக் தேவைப்படாது. முதல் உதையிலேயே பிடிக்காவிட்டால் பதற வேண்டாம், இன்னும் இரண்டு மூன்று உதை கேட்கலாம்.

நிறுத்தித்தான் திருப்பப் போகிறாய் என்றாலும் கை டேப்பைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டிமேல் உட்கார்ந்து, கீழே பார்க்காமல் 'ஆன்'லிருந்து 'ரெஸ்'ஸுக்கும் அங்கிருந்து திரும்பவும் மாற்றிப் பழகு. ஒன்றைக் கவனி: நிறைய டேப்புகளில் திருகும் பிடிக்கு ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் கூர்மையாகவும் இருக்கும். எந்த முனை காட்டுவது கணக்கு என்பதில்தான் குழப்பம் வரும். அம்புக்குறி போலச் செதுக்கிய முனை இருந்தால் அதுதான் கணக்கு. மாமாவின் வண்டி பலமுறை பெயின்ட் பார்த்திருந்தால் எழுத்தே அழிந்து போயிருக்கும். அப்படியானால் ஊகிக்காதே, சோதித்துப் பார்.

சோதிப்பது எப்படி? தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில், நீ 'ஆன்' என்று நினைக்கும் நிலையில் ஓட்டி இருமத் தொடங்கியதும் நிறுத்து. எஞ்சின் ஆறட்டும். திறந்த வெளியில், பக்கத்தில் சிகரெட்டோ அடுப்போ இல்லாத இடத்தில், கார்புரேட்டருக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விடு. பிடியை ஒவ்வொரு நிலைக்கும் திருப்பு. ஒரே ஒரு நிலையில் மட்டும் பெட்ரோல் நிற்காமல் கொட்டும், அதுதான் ரிசர்வ். தொட்டி நிறைந்திருக்கும்போது இதைச் செய்து பயனில்லை, ஏனென்றால் 'ஆன்'இலும் கொட்டும், 'ரெஸ்'ஸிலும் கொட்டும். எது எது என்று தெரிந்ததும் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிடு.

அந்தப் போத்தலை உடனே கொட்டிவிடாதே. கொஞ்ச நேரம் அசையாமல் வைத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார். அடியில் கண்ணாடி மணி மாதிரி உருண்டைகள் தனியாக நின்றால் அது தண்ணீர். பெட்ரோலை விடத் தண்ணீர் கனம், அதனால் எப்போதும் அடியில் போய் உட்காரும். செம்மண் நிறத்தில் தூள் படிந்திருந்தால் அது தொட்டியின் துரு. நம் ஊர் ஈரக் காற்றில், பாதித் தொட்டியோடு வாரக் கணக்கில் நிற்கும் பழைய மோட்டாருக்கு இது இரண்டும் சகஜம்.

ரிசர்வில் ஓட்டினால் கெடுதல் என்ற பேச்சு இங்கேயிருந்துதான் வருகிறது. அதில் பாதி உண்மை. அடித்துளை தரை மட்டத்தில் இருப்பதால், அடியில் படிந்த தண்ணீரும் துருவும் அந்த வழியாகத்தான் வரும். துளையைச் சுற்றி ஒரு சல்லடை இருக்கும், அது தூளைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. ஆனால் அதற்குப் பயந்து ரிசர்வைத் தொடாமலே வைத்திருப்பது அதைவிட மோசம். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அடியிலேயே தங்கி, தகரத்தைத் தின்று, துருவை இன்னும் வளர்க்கும். கடைசியில் அடித்துளை முழுக்க அடைத்துக்கொள்ளும். உனக்கு உண்மையாகவே ரிசர்வ் தேவைப்படும் நாளில் திருப்பினால் சொட்டு வராது. பழைய வண்டி வாங்கிய பலருக்கு இப்படி நேர்ந்திருக்கிறது. சுத்தமான தொட்டிக்கு ரிசர்வால் ஒரு கெடுதலும் இல்லை. அழுக்குத் தொட்டி என்றால் சுத்தம் செய்ய வேண்டியது தொட்டியைத்தான். சில மாதத்துக்கு ஒருமுறை, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் ரிசர்வில் ஓட்டிப் பார், வழி திறந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

எப்போதும் 'ரெஸ்'ஸிலேயே விட்டு ஓட்டலாமா என்றால், எஞ்சினுக்கு வித்தியாசம் தெரியாது. எச்சரிக்கை இல்லாமல் போகும், நட்டம் உனக்குத்தான்.

எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்விக்கு நண்பர்கள் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். எதையும் எடுத்துக்கொள்ளாதே. ஒரே மாடல் வண்டியாக இருந்தாலும், டேப்பை யாராவது வேறு மாடலிலிருந்து எடுத்துப் போட்டிருந்தால் குழாயின் உயரம் மாறியிருக்கும், ரிசர்வின் அளவும் மாறியிருக்கும். உன் வண்டிக்கு உன் கணக்கு. ஸ்டேஷன் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு நாளில் இருமல் வரும் வரை ஓட்டு. ரிசர்வ் போட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய் நிறைய ஊற்று. தொட்டியின் மொத்தக் கொள்ளளவிலிருந்து, ஊற்றிய லிட்டரைக் கழித்தால் வருவது ஏறக்குறைய உன் ரிசர்வ். ஒரு உதாரணத்துக்கு, தொட்டி 10 லிட்டர், ஊற்றியது 8.5 என்றால் ரிசர்வ் 1.5 லிட்டர். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை, ஒரு ஃபுல் டேங்கிலிருந்து அடுத்த ஃபுல் டேங்க் வரை ஓடிய தூரத்தை வைத்துக் கணக்குப் போடு. 30 கிலோமீட்டர் வந்தால், 1.5 லிட்டருக்கு 45 கிலோமீட்டர். அது காகிதக் கணக்கு. பாதியை மட்டும் நம்பு.

ஏன் பாதி? தோட்டத்து உள்ரோட்டில் கல்லும் சேறும், முதல் கியர் இரண்டாவது கியரிலேயே போகிறாய். பின்னால் தங்கச்சி, முன்னால் கேஸ் தோம்பு. அந்தக் கணக்கும் நெடுஞ்சாலைக் கணக்கும் ஒன்றாகாது. சரிவும் ஒரு காரணம். டேப் பெரும்பாலும் தொட்டியின் பின்பக்கம் இருக்கும். ஏற்றத்தில் பெட்ரோல் டேப்பை நோக்கி வரும், இறக்கத்தில் முன்னால் ஓடிவிடும். அடி மட்டத்தில் இருக்கும்போது நீண்ட இறக்கத்தில் வரத்து நின்று போவதும் உண்டு. பிளஸ் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதைப் பக்கத்து ஏற்ற இறக்கத்துக்கு ரிசர்வோடு போகாதே. அங்கே அவசரப் பாதையில் மோட்டாரோடு நிற்பது ஆபத்து.

ரிசர்வும் தீர்ந்துவிட்டால் கடைசியாக ஒரு வழி இருக்கிறது. ஆர்எக்ஸ்ஸெட் மாதிரி வண்டியில் தொட்டி நடுச்சட்டத்தின் மேல் குதிரைச் சேணம் போல உட்கார்ந்திருக்கும். அதனால் அடியில் இரண்டு பக்கமும் இரண்டு பள்ளம். டேப் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மறுபக்கப் பள்ளத்தில் கொஞ்சம் பெட்ரோல் மாட்டிக்கொண்டு நிற்கும். மூடியை நன்றாகப் பூட்டிவிட்டு, நீ கீழே இறங்கி, வண்டியை டேப் இருக்கும் பக்கம் நன்றாகச் சாய்த்து நிமிர்த்தினால் அது இந்தப் பக்கம் வந்துவிடும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு உதவலாம். நண்பன் இன்னொரு மோட்டாரில் வந்து, உன் ஃபுட்ரெஸ்ட்டில் கால் வைத்துத் தள்ளிக்கொண்டு போவான், ஊரில் எல்லாரும் செய்வதுதான். தோட்டத்துக்குள் மெதுவாக என்றால் உன் இஷ்டம். லாரி ஓடும் பெரிய ரோட்டில் வேண்டாம். ஒரு குழியில் இரண்டு பேரும் சேர்ந்து விழுவீர்கள்.

ரிசர்வ் போட்டும் வண்டி எடுக்கவில்லை என்றால், தொட்டியை ஆட்டிப் பார். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்கிறதா? கேட்டால் மூடியைத் திற. 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வந்து, அப்புறம் வண்டி ஓடினால் குற்றவாளி மூடிதான். மூடியில் ஒரு நுண்ணிய காற்றுத் துளை உண்டு. செம்மண் தூசி அதை அடைத்துவிட்டால் உள்ளே காற்று போகாது, பெட்ரோல் இறங்காது. அறிகுறி எல்லாம் பெட்ரோல் தீர்ந்தது போலவே இருக்கும். இன்னொன்று, காலையில் கிளம்பி கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டால் முதலில் டேப் 'ஆஃப்'இல் இருக்கிறதா பார். கிண்ணத்தில் இருந்த பெட்ரோலில் அவ்வளவு தூரம் வந்திருப்பாய்.

'ஆஃப்' பற்றியும் சொல்ல வேண்டும், இதை நான் ரிசர்வை விட முக்கியமாக நினைக்கிறேன். ராத்திரி திருட்டுப் பயத்தில் மோட்டாரை வீட்டு முன்கூடத்துக்குள் ஏற்றி வைப்பவர்கள் நம்மில் நிறைய பேர். அதே கூடத்தில் சாமி மேடையில் விளக்கு எரியும். கிண்ணம் நிரம்பியதும் வரத்தை மூடும் மிதவை ஊசி கார்புரேட்டரில் தேய்ந்திருந்தால், டேப் திறந்திருக்கும் வண்டியில் பெட்ரோல் இரவு முழுக்கச் சொட்டும். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம், தரையோடு தரையாகப் பரவும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் வண்டியை உள்ளே ஏற்றும் முன்பே டேப்பை 'ஆஃப்' செய்துவிடு. உள்ளே வாடை அடித்தால் அன்றைக்கு வண்டி வெளியே நிற்கட்டும். முடிந்தால் எல்லா நாளும் வெளியிலேயே சங்கிலி போட்டுப் பூட்டி வை.

வேறு வண்டி ஓட்ட நேர்ந்தால் டேப் இப்படியே இருக்கும் என்று எண்ணாதே. பழைய ஹோண்டா சி70இல் அது கார்புரேட்டரோடு சேர்ந்தே இருக்கும், கால் மறைப்பின் பின்னால் தேட வேண்டும். சில வண்டிகளில் 'ஆஃப்' இருக்காது, அதற்குப் பதில் 'பிஆர்ஐ' என்று இருக்கும். அது எஞ்சின் உறிஞ்சும் காற்றழுத்தத்தால் திறக்கும் வகை. எஞ்சின் நின்றால் தானாக மூடிக்கொள்ளும், ராத்திரி 'ஆன்'இலேயே விடலாம். 'பிஆர்ஐ'யில் மட்டும் விட்டுவிடாதே, அந்த நிலையில் பெட்ரோல் தடையில்லாமல் இறங்கும். முழுக்கக் காய்ந்துபோன கிண்ணத்தை நிரப்பத்தான் அது.

உன் நண்பர்களின் யமஹா ஒய்15 போன்ற, கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் டேப்பே கிடையாது. தொட்டிக்குள் மின்சாரப் பம்ப் இருக்கிறது, அதைக் குளிர்விப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். அடிக்கடி வறள விட்டால் பம்ப் பழுதாகும், மாற்றச் செலவும் அதிகம். கப்சாய் என்னும் இந்தச் சின்ன மோட்டார்களின் தொட்டியே பெரும்பாலும் 4 லிட்டரைச் சுற்றித்தான் என்பதால், பெட்ரோல் மீட்டரில் கடைசிக் கோடு மின்னத் தொடங்கினால் அவர்கள் நேராக ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

ஸ்டேஷனுக்குப் போகும்போது அடையாள அட்டை, அதாவது மைகாட், கையில் இருக்கட்டும். 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 என்ற அரசாங்க மானியத் திட்டம் வந்த பிறகு, ரோன்95 பெட்ரோலை மானிய விலையில் வாங்கப் பெரும்பாலும் அது வேண்டும். பிளாஸ்டிக் போத்தலில் பெட்ரோல் வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. வெயிலில் அது உப்பிக் கசியும்.

இந்த வாரக் கடைசியில் பட்டணத்துக்கு வரும்போது டேப் சோதனையைச் செய்துவிடு. 'ரெஸ்' நிலையில் பெட்ரோல் நூல் மாதிரி மெலிந்து வந்தாலோ, பிடியைச் சுற்றி ஈரம் கசிந்தாலோ, தொட்டியைக் காலி செய்து டேப்பைக் கழற்றச் சொல்லி மோட்டார் பட்டறை ஃபோர்மேனிடம் கொடு. சல்லடையைக் கழுவி, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றச் சொல். சின்ன வேலைதான். ரப்பர் காய்ந்து போனதைத் திரும்பப் போட்டால் மறுபடி கசியும், அதனால் புதிய வாஷர் போடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.